வாய் வெட்டாத முகம்

"வாயை எந்த எடத்துல வெட்ட?" என்றார் மைதீன் பிச்சை.
ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடும் பட்டறை,
பிசின் வாடை கண்ணைக் கரித்தது.
வெட்ட வேண்டாம் என்றேன்.
ரோமாபுரியில் இந்த ஆட்டத்தை ஆடுகிறவன்
உதடு மூடிய முகத்தோடுதான் மேடைக்கு வருவான்.
பேச்சு அவனுடையதல்ல.
பாட்டுக்கு வேறு ஆட்கள்,
தாளத்துக்கு வேறொருவன் கால்.
உப்புத்தாளை மடித்துக் கீழே வைத்தார்.
"அப்ப கோவம் வந்தா?"

அந்தக் கால் என்னுடையது.
செருப்புக்கடியில் இரண்டு பலகை,
நடுவே பித்தளைத் தகடு,
குதிகாலை ஊன்றி முன்பாதம் அழுத்தினால்
டக்.
பழைய சிற்பமொன்றின் புகைப்படத்தைப் பார்த்து
ஆசாரி குருசு செய்து கொடுத்தது.
முதல் ஜோடி இரண்டே நாளில் பிளந்தது.
இது, உடைத்த வத்தையின் புன்னைப் பலகை.

இசை?
ஒரு துளி மிஞ்சவில்லை.
அழகன்குளத்து மண்ணில் சாடியின் கழுத்து மிஞ்சியிருக்கிறது,
காசில் ஏதோ ராஜாவின் தேய்ந்த மூக்கு மிஞ்சியிருக்கிறது,
அவர்கள் முணுமுணுத்தது எங்கும் இல்லை.
மீட்டெடுக்கிறோம் என்று நோட்டீசில் போட்டது பொய்தான்.
மீட்க எதுவும் இல்லாத அந்த இடத்தில்
பாசி எடுக்கும் பெண்கள் ஏழு பேரை உட்கார வைத்தேன்.
கடலடியில் மரிக்கொழுந்துப் பாசி பறித்து
மேலே வந்ததும் ஒரு மூச்சு விடுவார்களே,
அதுதான் சுருதி.
நீளமாய் ஒரு ஹோ, பிறகு சீழ்க்கை, பிறகு இருமல்.
இருமலை எடுத்துவிடச் சொன்னார் பணம் தந்தவர்.
எடுக்கவில்லை.

ஆடுகிறவள் நம்புச்செல்வி,
பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.
ஒரு உடம்பு, மூன்று முகம்:
மிளகுக்கு வந்த மாலுமி,
அவனுக்குக் கடன் கொடுத்த தரகுக்காரி,
அவனை விழுங்கப்போகும் கடல்.
முகம் மாற்றும் நேரம் முதுகைக் காட்டுவாள்.
முதுகில் யாரும் இல்லை.

பாம்பன் தெற்குவாடி ஏலக்கூடம்.
மூன்று தடவை கழுவியும் தரையில் சங்காயம் வீசியது.
ரயில் பாலத்தைத் தாண்டட்டும் என்று காத்திருந்து தொடங்கினோம்.
முன்னால் முழுக்க விசைப்படகு ஆட்கள்.
தடைக்காலம்; வேறு எங்கே போவார்கள்.

மாலுமி மூழ்கும் கட்டம்.
வலக்கையை நெற்றிக்கு மேலே நிமிர்த்தி
இடக்கையால் அந்த முழங்கையை
இரண்டு தடவை அறுத்தாள்.
நெஞ்சு பிளந்தது என்று அர்த்தம் வைத்து
மூன்று மாதம் பழகிய அசைவு.
பெண்கள் வரியைப் பிடிக்க மூச்சிழுத்தார்கள்,
அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்:
"வலை காத்தாடில சுத்திருச்சுங்கிறாடா!"

சிரிப்பு.
பிறகு சிரிப்பில்லை.
இன்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாத இடத்தில்
படகுக்குப் படகு கையாலேயே பேசிக்கொள்கிறவர்கள்.
எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.
நாங்கள் கரைக்காரர்கள்.

டிரைவர் அடைக்கலம் எழுந்து நின்றான்.
கையைத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி
அப்படியே நிறுத்தினான்.
கயிறு வீசவா?

பாட்டில் அதற்கு வரி கிடையாது.
ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்,
பிடிக்கத் தெரிந்தவர்கள்,
ஒரு நிமிடம் கடந்தும் விடவில்லை.
என் கால் மட்டும்
டக்
டக்

உள்ளே அவள் உதடு என்ன செய்ததோ.
இரண்டு கையையும் நீட்டினாள்.
அவன் வீசினான், ஒன்றுமில்லாததை.
அதன் கனத்தில் அரையடி பின்னால் தள்ளாடி
பிடித்து, இடுப்பில் ஒரு சுற்று விட்டு
முடிச்சு இறுக்கினாள்.
முன்வரிசை மொத்தமும்
சிமெண்டுத் தரையில் குதிகாலை ஊன்றி
இழுக்கத் தொடங்கியது.

கதைப்படி அவன் சாக வேண்டும்.
கடலின் முகம் பெஞ்சில் மல்லாந்து கிடந்தது.
யாரும் எடுக்கவில்லை.
தரகுக்காரியின் கடன்?
"அத அடுத்த பாட்டுல பாத்துக்கிறலாம்" என்று
மைதீன் பிச்சை கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்து ஆட்கள் வெளியே நடந்தபோது
அடைக்கலம் மட்டும் நின்று
முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
எதையோ சீராகச் சுருட்டி
தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.